பூலில் குறி பார்க்கும் முறைகள்: எது வரைக்கும் நம்பலாம்?

கேள்வி: மார்த்தாண்டம்_கட்ஷாட்

எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயதில் இருந்து கேரம் ஆடியவன் நான். ஊர் கிளப்பு, கிறிஸ்துமஸ் போட்டி, ஓணத்துக்கு நடக்கிற போட்டி என்று எதையும் விட்டதில்லை. பூல், அதாவது மேஜையில் கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது கலர் பந்துகளை மூலைக் குழிகளில் (பாக்கெட்) தள்ளுகிற ஆட்டம், ஆடத் தொடங்கி 8 மாதம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் வேலை முடிந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, ஒரு கிளப்பில் 8 பால் என்ற பூல் வகையை ஆடிவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புகிறேன். இந்த ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. ஆனால் குறி விஷயத்தில் குழம்பிக் கிடக்கிறேன்.

முதல் மூன்று மாதம் கோஸ்ட் பால் முறை. கலர் பந்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பந்து ஒட்டி நிற்பதாகக் கற்பனை செய்து, அதன் நடுவை நோக்கி அடிப்பது. பிறகு ஒரு நண்பர் சொல்லி முக்கால் பந்து, அரைப் பந்து, கால் பந்து என்று, கலர் பந்தில் எவ்வளவு பாகத்தை வெள்ளை மறைத்து மோத வேண்டும் என்று பார்க்கிற பின்னக் கணக்குக்கு மாறினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டினேன். வெள்ளையின் நடுவில் இருந்து கலர் பந்தின் விளிம்புக்கு ஒரு கோடு பார்த்து நின்று, அப்புறம் கியூவை ஒரு பக்கமாகத் திருப்பி அடிக்கிற முறை. குத்துமதிப்பே தேவை இல்லை, எல்லா ஷாட்டுக்கும் ஒரே வழி என்று சொல்கிறார்கள்.

மூன்றிலும் எனக்கு ஒரே இடத்தில் தகராறு. கலர் பந்து கார்னர் பாக்கெட்டில் இருந்து ஏறக்குறைய 3 அடி, வெள்ளை அதற்கு 2 அடி பின்னால், அரைப் பந்து கட் (ஓரத்தில் மோதிக் கலர் பந்தைச் சாய்வாக அனுப்புவது). மெதுவாக உருட்டினால் தடித்துப் போய், அதாவது வேண்டிய அளவு சாயாமல், பாக்கெட்டின் முனையில் இடித்து நின்றுவிடுகிறது. 10-ல் 7 முறையாவது இப்படித்தான். ஓங்கி அடித்தால் போகிறது, ஆனால் வெள்ளை எங்கேயோ ஓடிப்போய் அடுத்த பந்துக்கு வழியில்லாமல் நிற்கிறது.

கேரத்தில் இந்த கட் ஷாட்டை நான் யோசிக்காமலே போடுவேன். எந்த முறையைக் கையில் எடுத்து ஒழுங்காகப் பழகலாம்? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கோட்டாறு_9பால்

தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்ன முறையை நான் மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். அதனால் என் ஆட்டம் கூடியது என்று உறுதியாகச் சொல்வேன்.

அதற்கு முன்னால் என் கண் ஓர் இடத்தில் நிற்காது. பந்தைப் பார்ப்பேன், பாக்கெட்டைப் பார்ப்பேன், மறுபடியும் பந்து, குனிந்த பிறகும் உடம்பை நகர்த்திக்கொண்டே இருப்பேன். நாலு பேர் சுற்றி நின்று பார்த்தால் கை உதறும். இந்த முறையில் முதலில் என்ன பார்க்க வேண்டும், அடுத்து என்ன, எந்த நேரத்தில் குனிய வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போவேன், பதற்றம் அடங்கிவிடும். ஹால் ஹூல் என்ற அமெரிக்கர் பரப்பிய வழி இது. அவருக்குப் பின்னால் பலர் பல விதமாக வளர்த்திருக்கிறார்கள்.

இரண்டு மாதம் போதாது. இன்னும் ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள்.

பதில்: குலசேகரம்_பால்வெட்டு

தம்பி, உன் கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். மெதுவாக உருட்டினால் தடித்துப் போகிறது, ஓங்கி அடித்தால் விழுகிறது என்று சொல்லியிருக்கிறாய். இடம் அதே, கட் அதே, குறியும் அதே. மாறியது வேகம் மட்டும். குறி தப்பாக இருந்தால் இரண்டும் தப்ப வேண்டாமா? உன் கண் சரியாகத்தான் பார்க்கிறது மக்கா. மூன்று முறை மாற்றியும் தகராறு தீராததற்குக் காரணம், மூன்றுமே ஒரே வடிவக் கணக்கை மூன்று வழியாகச் சொல்கின்றன. உன் பந்தை விலக்குவது அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிற ஒன்று. ஆட்டக்காரர்கள் அதை த்ரோ என்பார்கள்.

வெள்ளை போய்க் கலர் பந்தின் ஓரத்தில் மோதும்போது இடிப்பதோடு நிற்பதில்லை, உரசிக்கொண்டும் போகிறது. அந்த உரசல் கலர் பந்தை வெள்ளை போகிற போக்கிலேயே கொஞ்சம் இழுத்துவிடும். அதனால் நீ நினைத்ததை விடக் கட் குறைந்து, பந்து தடித்துப் போகும். வேகமாக உரசினால் பிடிப்பு குறைவு, மெதுவாக உரசினால் பிடிப்பு அதிகம். அரைப் பந்து கட்டுக்குப் பக்கத்தில், மெதுவான அடியில், அதுவும் வெள்ளை உருளாமல் வழுக்கிக்கொண்டு போய் மோதும்போது இந்த இழுப்பு மிக அதிகமாக இருக்கும். மோசமான நிலையில் ஓர் அடி தூரத்துக்கு ஓர் அங்குலம் வரை விலகும். உன் ஷாட்டில் அந்த அளவுக்கு வேண்டாம், அதில் பாதி இருந்தாலே 3 அடிக்கு ஒன்றரை அங்குலம். பாக்கெட் முனையில் இடிக்க அது போதும்.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். கல்ஃபில் 11 வருடம் இருந்தேன். கம்பெனி கேம்ப் ஹாலில் ஒரு 7 அடி மேஜை கிடந்தது. எப்போதும் ஏசி ஓடும், ஹாலைப் பார்த்துக்கொண்ட நேபாளத்துக்காரர் ஞாயிறும் புதனும் பந்துகளைத் துடைத்து வைப்பார். அங்கேதான் ஆடப் பழகினேன். ஊருக்கு வந்து நாகர்கோவிலில் ஆடத் தொடங்கியது ஜூன் மாதம். நம் ஊர் இடவப்பாதி மழை தெரியும்தானே, சுவரே வியர்க்கும். துணி நமநமவென்று இருந்தது, பந்துகளில், கியூ நுனியில் தடவுகிற நீல சாக் தூள் ஒட்டிக் கிடந்தது. கல்ஃபில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட அரைப் பந்து கட் எல்லாம் தடித்துப் போக ஆரம்பித்தது. கண்ணில் ஏதோ கோளாறு என்றே நினைத்துக்கொண்டேன். டாக்டரிடம் போனேன், கண்ணாடி நம்பர் மாறவில்லை. கியூவின் டிப்பை, அதாவது பந்தில் படுகிற நுனியை, மாற்றினேன். நிற்கிற நிலையை மாற்றினேன். ஒரு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் சாயங்காலம் கிளப்பில் வேலை பார்க்கிற பையன் ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் கலக்கி 16 பந்துகளையும் அதில் போட்டான். தண்ணீர் நீலமாகிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்து மேஜையில் உருட்டினான். 5-ம் நம்பர் ஆரஞ்சு நிறம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. சும்மா கிடந்த பந்தை அதே அரைப் பந்து கட்டுக்கு வைத்து மெதுவாக உருட்டினேன். விழுந்தது. மறுபடியும் வைத்தேன், விழுந்தது. 8 முறை வைத்து 6 முறை விழுந்தது. ஒரு மாதம் முழுக்க நான் திருத்திக்கொண்டிருந்தது ஒரு குறையும் இல்லாத குறியை.

நீயே இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கலர் பந்துகளை ஒட்ட வைத்து, இரண்டின் நடுவும் கார்னர் பாக்கெட்டின் நடுவை நேராகப் பார்க்கிற மாதிரி நிறுத்து. வடிவக் கணக்குப்படி முதல் பந்தை எந்தப் பக்கம் அடித்தாலும் இரண்டாவது பந்து நேராக பாக்கெட்டுக்குப் போக வேண்டும். இப்போது வெள்ளையால் முதல் பந்தின் இடது ஓரத்தில் மெதுவாக அடி. இரண்டாவது பந்து வலது பக்கம் விலகிப் போகும். பிறகு அதே மாதிரி வைத்து, இரண்டு பந்தும் தொடுகிற இடத்தில் விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவிவிட்டு அடி. விலகல் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். குறி அதே, அடியும் அதே, மாறியது ஒரு துளி தண்ணீர். இதைப் பார்த்த பிறகு எந்தக் குறி முறையையும் வேறு கண்ணோடுதான் பார்ப்பாய்.

சரி, அப்படியென்றால் குறி முறைகள் வீணா? இல்லை. என் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். புது மரத்தில் வெட்டுப் பட்டை திறக்கும்போது ஒரு தகரத் தகடு வைத்திருப்பார். ஒட்டு மரத்துக்கு வெட்டு 30 டிகிரி சரிவில், இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டும். தகடை மரத்தில் சுற்றிப் பிடித்து, ஆணியால் கோடு கீறி, அந்தக் கோட்டின் மேல்தான் கத்தி வைப்பார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் தகடு இல்லாமல் புதுப் பட்டையைத் தொட மாட்டார். ஆனால் அந்தத் தகடு சரிவை மட்டும்தான் சொல்லும். பால் அதிகம் இருப்பது பட்டையின் உள்ளே, தடிக்குப் பக்கத்தில். தடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் வரை கத்தி போக வேண்டும். அதற்கு முன்னாலேயே கத்தி நின்றால் பால் குறைவு, தாண்டிப்போய்த் தடியைத் தொட்டால் மரத்துக்குக் காயம். எங்கே நிறுத்துவது என்பது அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் அவர் வெட்டும்போது நான் சிரட்டை துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், கத்தி போகிற சத்தத்திலேயே ஆழம் தெரியும் என்பார்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம் இருக்கிறது. வெள்ளையின் நடு கலர் பந்தின் விளிம்பைப் பார்த்துப் போனால் அது அரைப் பந்து அடி. அப்போது கலர் பந்து பிரிந்து போகிற கோணமும் 30 டிகிரி. அப்பாவின் தகடும் என் கியூவும் ஒரே கோணத்தில் வந்து நிற்கின்றன.

இப்போது உன் பின்னக் கணக்கு. முக்கால் பந்து அடித்தால் 14.5 டிகிரி, அரைப் பந்து 30, கால் பந்து 48.6. இவை பந்தின் வடிவத்தில் இருந்து வருகிற எண்கள், எந்த மேஜையிலும் மாறாது. இவற்றைக் கண்ணுக்குப் பழக்குவது மிகவும் நல்லது. ஆனால் முக்காலுக்கும் அரைக்கும் நடுவே 15 டிகிரி இடைவெளி கிடக்கிறது, அரைக்கும் காலுக்கும் நடுவே 18 டிகிரிக்கு மேல். 3 அடி தூரத்தில் பாக்கெட் பொறுத்துக்கொள்வது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரிதான். அந்த நடுவில் வருகிற ஷாட்டுகளை எல்லாம் யார் நிரப்புகிறார்கள்? உன் கண்தான். நீ பணம் கட்டிப் படிக்கிற முறையிலும் இதே கதைதான். நடுவில் இருந்து விளிம்புக்குப் போகிற கோடு என்பதே அரைப் பந்துக் கோடு. அங்கிருந்து எவ்வளவு திருப்புவது என்பது பந்துகளின் தூரத்தையும், கையை எவ்வளவு பின்னால் ஊன்றுகிறாய் என்பதையும் பொறுத்து மாறும். அதைச் சரிக்கட்டுவதும் கண்தான், உனக்குத் தெரியாமலே. குத்துமதிப்பே இல்லை என்கிற பேச்சை மட்டும் நம்பாதே.

கோட்டாறு நண்பர் சொன்னது எனக்கும் ஒப்புதல். ஒரு வரிசையில் பார்த்து, நின்று, குனிந்து, அதே மாதிரி ஒவ்வொரு தடவையும் செய்வதில் பெரிய பலன் இருக்கிறது. அவர் ஆட்டம் கூடியது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கூட்டியது அந்த ஒழுங்கு என்றுதான் நினைக்கிறேன். கோஸ்ட் பாலையே அதே ஒழுங்கோடு செய்தாலும் கிடைத்திருக்கும்.

கேரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே ஸ்ட்ரைக்கர் 4.13 செண்டிமீட்டர், காயின் 3.1 செண்டிமீட்டர் பக்கம். பெரியது சிறியதை அடிக்கிறது. உன் கண் பல வருடமாகப் பழகிய கட் அந்த அளவுக்கு. பூலில் இரண்டு பந்தும் ஒரே அளவு, 57 மில்லிமீட்டர். கோஸ்ட் பாலின் நடு, கலர் பந்தின் விளிம்பில் இருந்து 28.6 மில்லிமீட்டர் தள்ளி, ஒன்றும் இல்லாத துணியின் மேல் இருக்கிறது. அதோடு கேரத்தில் நீ உட்கார்ந்து மேலிருந்து பார்க்கிறாய், இங்கே தாடை கியூவில் படுகிற உயரத்தில் இருந்து பார்க்கிறாய். கேரத்தில் யோசிக்காமல் போடுகிறேன், இங்கே ஏன் வரவில்லை என்று மனதைப் போட்டு உழப்பாதே. உண்மையான பந்து ஒன்றைக் கோஸ்ட் பால் இடத்தில் ஒட்டி வைத்து, குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அதை எடுத்துவிட்டு அடி. ஒரு நாளைக்கு 20 முறை. கண் மாறிவிடும்.

உன் ஷாட்டுக்கு மருந்து சொல்கிறேன். மெதுவான அரைப் பந்து கட் ஷாட்டில் குறியை 2 மில்லிமீட்டர் மெலிவாக, அதாவது கலர் பந்தின் ஓரத்துக்கு இன்னும் தள்ளி, வை. ஒரு தீக்குச்சியின் தடிமன், அவ்வளவுதான். கோணத்தில் அது இரண்டரை டிகிரிக்குப் பக்கம் வரும். வெளிப்பக்க ஸ்பின் (கலர் பந்து போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வெள்ளையை அடித்துச் சுழல விடுவது) கொடுத்தாலும் இந்த உரசலை வெட்டலாம், ஆனால் நீ இப்போது அதைத் தொட வேண்டாம். வெள்ளையை ஓரத்தில் தொட்டால் அது கியூ போகிற கோட்டை விட்டு எதிர்ப்பக்கம் சற்று விலகித்தான் கிளம்பும், பிறகு துணியில் வளைந்து திரும்பும். அதற்கு ஒரு கணக்கு, அதைச் சரிக்கட்ட இன்னொரு கணக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். 8 மாதத்தில் அது சுமை.

எந்த முறை என்று கேட்டாயே. பின்னக் கணக்கை வைத்துக்கொள், சந்தேகம் வரும்போது கோஸ்ட் பாலால் சரிபார், பணம் கட்டிய பயிற்சியில் இருந்து அந்த நிற்கிற ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள். ஆறு மாதத்துக்கு மாற்றாதே. ஏன் என்றால், எங்கே குறி வைத்தாய் என்று உனக்கே நிச்சயமாகத் தெரிந்தால்தான், பந்து தப்பும்போது தப்பு குறியிலா, கையிலா, உரசலிலா என்று பிரித்துப் பார்க்க முடியும். என்னைப் பொறுத்தவரை குறி முறையின் பெரிய உபயோகமே இதுதான். பந்தைப் போட வைப்பதை விட, ஏன் போகவில்லை என்று சொல்ல வைப்பது.

பின்னம் தெரிந்தால் இன்னொரு லாபம். கால் பந்துக்கும் முக்கால் பந்துக்கும் நடுவே எங்கே அடித்தாலும், உருண்டு வருகிற வெள்ளை மோதிய பிறகு ஏறக்குறைய 30 டிகிரி விலகித்தான் போகும். ஓங்கி அடித்தால் வெள்ளை எங்கேயோ ஓடுகிறது என்றாயே, மெதுவாக உருட்டப் பழகிவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம்.

பதில்: குளச்சல்_இயற்பியல்

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆட்டத்தில் பெரிய ஆள் இல்லை, கணக்கில் ஆசை உண்டு. குலசேகரத்துக்காரர் உரசலைப் பற்றி அருமையாக எழுதிவிட்டார். கையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சேர்க்கிறேன்.

வெள்ளை, கலர் பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கும் கலர் பந்துக்கும் ஒரு மீட்டர், அங்கிருந்து பாக்கெட்டுக்கு ஒரு மீட்டர். போட்டி மேஜையில் கார்னர் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலம், பந்து இரண்டே கால் அங்குலம். அதாவது பந்தின் நடு இரண்டு பக்கமும் 2.8 செண்டிமீட்டர் வரை விலகலாம். ஒரு மீட்டர் தூரத்தில் அது 1.6 டிகிரி.

ஆனால் வெள்ளையின் பிழை கலர் பந்தில் அப்படியே வருவதில்லை, பெருகி வருகிறது. எத்தனை மடங்கு என்றால், இரண்டு பந்துக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பந்தின் விட்டத்தால் வகுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். 1000-ஐ 57-ஆல் வகுத்தால் 17 மடங்குக்கு மேல். ஆகவே வெள்ளைக்கு அனுமதி 0.1 டிகிரிக்கும் குறைவு. கியூவை ஊன்றிய கையில் இருந்து டிப் வரை 25 செண்டிமீட்டர் என்றால், டிப் பக்கவாட்டில் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. கட் கூடக் கூட இந்த அனுமதி இன்னும் சுருங்கும்.

இந்த நேர் ஷாட்டில் குறி முறை என்று ஒன்றுக்கு வேலையே இல்லை, நடுவைப் பார்த்து நேராக அடிக்க வேண்டியதுதான். அதனால் தம்பி முதலில் இதை 10 முறை வைத்துப் பார்க்க வேண்டும். இதில் எத்தனை விழுகிறதோ அதை வைத்து கையின் நிலை தெரியும். கட் ஷாட் பிழைகளில் எவ்வளவு குறியின் மேல் போடலாம் என்பது அதற்குப் பிறகுதான்.

புயல் சுழல்வதைப் பற்றிய பாடத்தில் கோரியோலிஸ் என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். அந்தப் பிரெஞ்சுக்காரரே 1835-ல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் சுழற்சி, உராய்வு, மோதல் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். கடற்கரை ஊரில் புயலோடு அவரைப் பாடம் நடத்திய எனக்கு, அவர் பூல் மேஜைக்கும் வேண்டப்பட்டவர் என்று தெரிந்தபோது மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பதில்: மார்த்தாண்டம்_கட்ஷாட்

அண்ணே, சார், இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், செய்து பார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

ஒட்டி வைத்த இரண்டு பந்து சோதனையை முதலில் செய்தேன். அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. இரண்டாவது பந்து வலது பக்கம் விலகி பாக்கெட்டுக்கு ஒரு கை அகலம் தள்ளி குஷனில் (மேஜையின் ஓரத்து ரப்பர் விளிம்பு) போய் இடித்தது. தண்ணீர் தொட்டு வைத்தபோது நேராக உள்ளே போய்விட்டது. பக்கத்து மேஜையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு முறை வைத்து அடித்துப் பார்த்தார்கள்.

அப்புறம் என் கட். மெதுவான அடி, பழைய குறி: 10-க்கு 3. தீக்குச்சி அளவு மெலிவாக: 10-க்கு 6. பிறகு கிளப்பில் கேட்டுப் பந்துகளைக் கழுவ அனுமதி வாங்கினேன். கழுவிய பந்தில் பழைய குறி: 10-க்கு 5. கழுவிய பந்தில் தீக்குச்சி வைத்தபோது இரண்டு முறை மெலிந்து மறுபக்க முனையில் இடித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த 2 மில்லிமீட்டரும் அன்றைய பந்தைப் பார்த்து மாற்ற வேண்டியது. இப்போது மேஜைக்கு வந்ததும் முதலில் ஒரு பந்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கிறேன்.

சார் சொன்ன நேர் ஷாட்டும் வைத்தேன். 10-க்கு 4 தான் விழுந்தது. தப்பிய 6-ல் 5 முறை கலர் பந்து இடது பக்கம் போனது. அப்படியென்றால் வெள்ளை வலது ஓரத்தில் படுகிறது. இது கண்ணா, கையா? இதை எப்படிப் பிரிப்பது?

பதில்: குலசேகரம்_பால்வெட்டு

இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு வந்ததைப் பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது மக்கா. தப்பியதில் ஐந்தும் ஒரே பக்கம் என்பது நல்ல செய்தி. இரண்டு பக்கமும் சிதறினால்தான் கஷ்டம்.

பிரிக்க வழி இருக்கிறது. மேஜையில் வேறு பந்து வேண்டாம். வெள்ளையை இந்தப் பக்கத்து ஸ்பாட்டுக்கு (துணியில் குறித்திருக்கிற புள்ளி) நேராக, நடுக்கோட்டில் வை. நேர் எதிர் குஷனின் நடு டயமண்டைப் (மேஜை ஓரத்தில் பதித்திருக்கிற குறி) பார்த்து, வெள்ளையின் நடுவில் அடித்து, கியூவை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு அசையாமல் இரு. வெள்ளை போய் எதிர் குஷனில் பட்டுத் திரும்பி வந்து உன் டிப்பைத் தொட வேண்டும்.

அது நேராகப் போய், திரும்பி வரும்போது மட்டும் பக்கவாட்டில் சாய்ந்தால் நீ அறியாமல் ஸ்பின் கொடுக்கிறாய், டிப் நடுவில் படவில்லை. போகும்போதே கோட்டை விட்டு விலகினால் கை வளைகிறது. பெரும்பாலும் பிடி இறுக்கமாக இருக்கும், அடிக்கிற நொடியில் மணிக்கட்டு உள்ளே திரும்பும். இரண்டும் சரியாக இருந்து, கலர் பந்து வைத்தால் மட்டும் தப்புகிறது என்றால் கண். தாடை கியூவுக்கு மேல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிலருக்கு வலது கண்ணுக்கு நேர் கீழே கியூ இருந்தால்தான் நேர்கோடு நேராகத் தெரியும், சிலருக்கு இடது கண், சிலருக்கு இரண்டுக்கும் நடுவே. ஒரு செண்டிமீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் 10 நேர் ஷாட் அடித்துப் பார்த்தால் உன் இடம் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்த பிறகு உன் பின்னக் கணக்கும் சற்று மாறித் தெரியலாம், பயப்படாதே.

இதைத் தனியாகப் பார்ப்பது கஷ்டம், எதிரே நின்று ஒருவர் பார்க்க வேண்டும். ஞாயிறு மதியம் கிளப்பில் கூட்டம் இருக்காது, நான் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். நீ தக்கலை வழியாக வருகிற பஸ்ஸைப் பிடித்து மூன்று மணிக்கு வந்து சேர். அதற்குள் பந்துகளைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.